சாயப் பம்புக்குள் இரண்டு குண்டுகள்

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டைப் பக்கம் போகும்போது, தொழிற்சாலைகளின் நீண்ட சுவர்களுக்குச் சாயம் அடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சிலர் கையில் தூரிகை இருக்காது. துப்பாக்கி போன்ற கருவி இருக்கும். விசையை அழுத்தினால் சாயம் விசிறிபோல் விரியும். சாயத்தோடு காற்றைக் கலக்காமல், சாயத்தையே அழுத்தி ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் இந்தக் கருவிக்கு 'ஏர்லெஸ்' தெளிப்பான் என்று பெயர்.

அழுத்தம் ஏறக்குறைய 200 பார். கார் டயருக்குள் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பவை பம்பின் அடியில் ஒன்றும் பிஸ்டனில் ஒன்றுமாக இரண்டு சிறிய குண்டுகள். ஒவ்வொன்றும் வளையம் போன்ற ஓர் இருக்கையில் உட்காரும். பிஸ்டன் ஏறும்போது அடிக்குண்டு எழும்பிச் சாயத்தை உள்ளே விடும், மேல்குண்டு வழியை அடைக்கும். இறங்கும்போது இது அப்படியே மாறும். ஏன் குண்டு? எப்படி உருண்டு உட்கார்ந்தாலும் அது வட்டமாகவே பொருந்தும். தட்டையான மூடிக்கு அந்த வசதி இல்லை.

இவற்றைத் தேய்ப்பது சாயமேதான். வெள்ளைச் சாயத்தில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடு கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது. அதனால் இருக்கையை டங்ஸ்டன் கார்பைடில் செய்கிறார்கள். இருந்தும் நாளடைவில் மயிரிழைக் கீறல் விழும். படிவம் 5 மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: அழுத்தம் = ½ × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். சாயத்தின் அடர்த்தியை 1,300 கிலோகிராம்/கன மீட்டர் என்று வைத்தால், உராய்வு இல்லாத நிலையில் கசிவின் வேகம் நொடிக்கு 175 மீட்டர். மணிக்கு 600 கிலோமீட்டருக்கும் மேல்! கீறலுக்குள் நுழையும் சாயமே கீறலை மேலும் தோண்டிவிடும்.

எந்தக் குண்டு பழுது? துப்பாக்கியை மூடியதும் பிஸ்டன் தண்டு நிற்க வேண்டும். மூடிய பிறகும் மேலே நகர்ந்தால் பிஸ்டன் குண்டையோ பேக்கிங்கையோ சந்தேகிக்கலாம். சட்டென்று கீழே இறங்கினால் அடிக்குண்டு. ஆனால் பம்பு சாயத்தையே இழுக்கவில்லை என்றால், குண்டு தேயாமல், காய்ந்த சாயத்தில் ஒட்டிக்கொண்டும் இருக்கலாம்.

கழற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, அழுத்தம் விடும் வால்வைத் திறந்து, துப்பாக்கியையும் வாளிக்குள் அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். இதை மறந்தவர்கள் விரலையே இழந்திருக்கிறார்கள். கூர்மையான பீய்ச்சல் தோலைத் துளைத்துச் சாயத்தை உள்ளே செலுத்திவிடும்; கையுறையும் தடுக்காது. வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். "சின்னக் காயம்தானே" என்று வீட்டுக்குப் போகக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், உள்ளே போனது என்ன சாயம் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

பிறகுதான் ஸ்பேனர். கழற்றிய இருக்கையைக் கழுவி, குண்டை வைத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒழுகினால் தேய்மானம் உறுதி. பல பம்புகளில் இருக்கையின் இரு முகமும் ஒரே மாதிரி இருப்பதால், ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம். தேய்ந்த இருக்கையில் புதுக் குண்டை மட்டும் போடுவது வீண் செலவு.

எல்லாம் பூட்டியதும் தண்ணீரை வைத்து ஓட்டி, விசையை விடுங்கள். தண்டு அசையாமல் நின்றால் சாயத்தை ஊற்றலாம்.