படம் ஏன் நத்தைபோல் நகர்கிறது?

கோவில்பட்டி என்றால் தீப்பெட்டி. அடுத்தது கடலை மிட்டாய்.

சாமி படங்களுக்கும் இந்த ஊர் பெயர் போனது. காலண்டர் ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) வாழ்ந்த ஊர் இதுதான். நாடகத் திரைச்சீலை தீட்டிய கை அவருடையது. பிறகு அவர் தீட்டிய லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கினார்கள்.

இப்போது தூரிகை இருந்த இடத்தில் மவுஸ் இருக்கிறது. தீப்பெட்டி லேபிள், மிட்டாய்க் கவர், கல்யாணப் பத்திரிகை எல்லாமே கம்ப்யூட்டரில்தான். இதற்கான கோரல்டிரா 1989-லும், போட்டோஷாப் 1990-லும் வந்தன.

தூரிகை மக்கர் செய்யாது. கம்ப்யூட்டர் செய்யும்!

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முன் டிசைனர்களுக்குத் தூக்கம் கிடையாது. அந்த நேரம் பார்த்துத் திரை அப்படியே நின்றுவிடும். "புது மெஷின்தான் வாங்க வேண்டும்" என்று வட்டிக்குக் கடன் தேடுகிறவர்கள் உண்டு.

கொஞ்சம் பொறுக்கலாம். நோய் எங்கே என்று தெரியாமல் மருந்து வாங்கலாமா?

5 கோடி புள்ளிகள்

போட்டோஷாப் படம் ஒரு புள்ளிக் கோலம்.

காலண்டர் தாள் 20 அங்குல அகலம், 30 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். மொத்தம் 5 கோடியே 40 லட்சம் புள்ளிகள்!

ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு அச்சு மைகளின் கணக்கு உண்டு. ஆக, ஒரு படத்துக்கே 200 எம்.பி.க்கு மேல் இடம் பிடிக்கும்.

படமும் ஒன்று அல்ல. கண்ணாடித் தாள்போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இதற்கு லேயர் என்று பெயர். சாமிக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, கடைப் பெயருக்கு ஒன்று. முழுத் தாள் அளவில் பத்து லேயர் சேர்ந்தால் 2 ஜி.பி.!

மேஜையும் குலுக்கையும்

இத்தனையும் பரப்பி வைக்கும் மேஜைதான் ரேம். ஹார்ட் டிஸ்க் என்பது தானியம் கொட்டி வைக்கும் குலுக்கை.

மேஜையில் இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாதியைக் குலுக்கையில் போட வேண்டும். வேண்டும்போது மறுபடி எடுக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, முள் தேடிப் போய் எடுக்கும். அந்த நேரம்தான் திரை நிற்கும் நேரம்.

4 ஜி.பி. ரேமை 16 ஆக்கினால் மேஜை அகலமாகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் தேடும் வேலையே இல்லை. அதில் சுழலும் தட்டு கிடையாது. பல பழைய மெஷின்கள் இந்த இரண்டிலேயே எழுந்து ஓடும்.

தீப்பெட்டி லேபிள் கதை வேறு. கோரல்டிராவில் அது கோடும் வளைவுமாகக் கணக்கில் இருக்கிறது. கணக்குப் போடுவது பிராசஸர். நிழலும் மினுமினுப்பும் கூடக்கூட அதற்குப் பாரம். இங்கே ரேமைக் கூட்டிப் பெரிய பலன் இல்லை.

கிராபிக்ஸ் கார்டு? படத்தைப் பெரிதாக்கவும் திருப்பவும் உதவும். விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் விலையில் லேபிள் போடுகிறவர் வாங்குவது, சைக்கிளுக்கு லாரி டயர் வாங்குவதுபோல!

வெயிலும் புழுதியும்

கரிசல் காட்டுக்கென்று ஒரு தொல்லை உண்டு.

சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எரிந்து போகாமல் இருக்க அதற்கு அந்த ஏற்பாடு. சித்திரை வெயிலில், புழுதி அடைத்த மின்விசிறியோடு அது என்ன செய்யும்? காலையில் ஓடிய மெஷின் மத்தியானம் தவழ்ந்தால், முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். செலவு இல்லை.

நோய் எங்கே என்று கம்ப்யூட்டரே சொல்லும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். பிராசஸர், மெமரி, டிஸ்க் என்று வரிசை இருக்கும். படம் நிற்கும் நேரத்தில் எது 100-ஐ நெருங்குகிறதோ, அதை மாற்றக் காசு எடுத்து வைக்கலாம்.