ஏலத்தில் தோற்ற நாடுகள்

2022 ஜூலையில் பாகிஸ்தானின் அரசு நிறுவனம் ஒன்று, பத்துக் கப்பல் திரவ இயற்கை எரிவாயு வாங்க டெண்டர் விட்டது. மதிப்பு சுமார் 100 கோடி டாலர். ஒரு விற்பனையாளர்கூட விலை சொல்லி முன்வரவில்லை. நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு நிலவிய கோடை அது.

கப்பல்கள் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. அதற்கு முன்பு ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. குழாயில் வரத்து குறையக் குறைய, ஐரோப்பா கப்பல் எரிவாயுவை எந்த விலைக்கும் வாங்கத் தொடங்கியது. 2021 தொடக்கத்தில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு மெகாவாட்-மணி எரிவாயு 20 யூரோவை ஒட்டி இருந்தது. 2022 ஆகஸ்ட் இறுதியில் 300 யூரோவைத் தாண்டியது. ஜெர்மனி தன் மக்களையும் ஆலைகளையும் காக்க 20,000 கோடி யூரோ ஒதுக்கியது. இஸ்லாமாபாத்தும் டாக்காவும் அந்த ஏலத்தில் எப்படி நிற்கும்?

வங்கதேசம் ஜூலையில் உடனடிச் சந்தையில் எரிவாயு வாங்குவதையே நிறுத்தியது. டீசல் மின்நிலையங்களை மூடி, மின்வெட்டுக்கு அட்டவணை போட்டது. ஆகஸ்டில் அரசு எரிபொருள் விலையையும் உயர்த்தியது: டீசல் லிட்டர் 80 டாகாவிலிருந்து 114 டாகா ஆனது. பெட்ரோல் 86லிருந்து 130. அங்கே வயலுக்கு நீர் இறைப்பது பெரும்பாலும் டீசல் பம்ப். லாரியும் படகும் டீசலில்தான் ஓடுகின்றன. ஆகவே ஏறிய விலை நேராக அரிசிக்கும் காய்கறிக்கும் போனது. அந்த மாதமே பணவீக்கம் 9.5 சதவீதம்.

பாகிஸ்தானுக்கு அடிமேல் அடி. பெருவெள்ளம் வந்தது, ரூபாய் சரிந்தது, டாலர் கையிருப்பு கரைந்தது. 2023 மே மாதம் பணவீக்கம் 38 சதவீதத்தைத் தொட்டது. மத்திய வங்கி அடுத்த மாதம் வட்டியை 22 சதவீதமாக உயர்த்தியது. நாணயம் மேலும் சரியாமல் இருக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் வட்டி ஏறினால் துறைமுகத்துக்கு எரிவாயு வருமா? கடன் வாங்கித் தறி ஓட்டுபவர்தான் இரண்டாவது முறையாக அடிபடுவார்.

2022 ஏப்ரலில் பன்னாட்டு நாணய நிதியம் அவ்வாண்டின் உலக வளர்ச்சிக் கணிப்பை 4.4 சதவீதத்திலிருந்து 3.6 ஆகக் குறைத்தது. கேட்பதற்குச் சிறிய இறக்கம்தான். அது ஒரு சராசரி; யார் இருட்டில் உட்கார்ந்தார்கள் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. போர்க்காலக் கணிப்புகளை நாம் நாடுவாரியாக, வருமானவாரியாகப் படிக்கப் பழகவேண்டும்.

பாகிஸ்தான் மக்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. வீட்டு மாடிகளிலும் வயலோரங்களிலும் சூரியத் தகடுகளை ஏற்றினார்கள். 2024இல் மட்டும் அந்நாடு சுமார் 17 கிகாவாட் அளவுக்குத் தகடுகளை இறக்குமதி செய்தது. எந்தப் பொருளாதாரத் திட்டத்தையும்விட இது எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. ஆனாலும் தகடு வாங்கப் பணமில்லாத குடும்பம் இன்னும் மின்கம்பத்தையே நம்பியிருக்கிறது.

கத்தார் எரிவாயுவை நம்பியிருக்கும் நாடுகளில் பாகிஸ்தானும் வங்கதேசமும் மட்டுமல்ல, இந்தியாவும் உண்டு. அந்த எரிவாயுக் கப்பல்கள் எல்லாம் ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரே கடல்வழியைக் கடந்தே வரவேண்டும்; அது அடைபட்டால் மூன்று நாடுகளும் ஒருசேர அடிபடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் எரிவாயுவைக் கூட்டாகக் கொள்முதல் செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. தெற்காசிய அரசுகளும் பகையை ஒதுக்கிவைத்து, கூட்டுக் கொள்முதலைப் பற்றியும் பொதுச் சேமிப்பைப் பற்றியும் இப்போதே பேச்சைத் தொடங்கவேண்டும்.