எண்டிசைப் பட்டி

எடுக்க வேண்டிய பொருள் எளிதிற் கைக்கு எட்டுமாறு வைத்துக்கொள்ளுதல் தேர்ந்த தொழிலாளர் வழக்கம். தச்சர் உளியையும் கொட்டாப்புளியையும் தேடி அலையார். அவர் கை தானே அவை இருக்கும் இடத்திற்குச் செல்லும். கணிப்பொறியில் வேலை செய்வோர்க்கும் இத்தகைய ஒழுங்கு வேண்டும். அதற்குத் துணைசெய்வது வட்டப்பட்டி.

கணிப்பொறித் திரையில் செயலிகளின் பெயர்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக வரிசையாய் அமைந்திருக்கும். அவ்வரிசையில் முதற்பெயர் சுட்டிக்கு அருகிலும் இறுதிப்பெயர் தொலைவிலும் நிற்கும். இலக்குத் தொலைவிலும் சிறியதாகவும் இருப்பின் அதனை அடையும் காலம் மிகும். இவ்வுண்மையை அமெரிக்க உளவியல் அறிஞர் பால் ஃபிட்ஸ் 1954-இல் ஆராய்ந்து விதியாக வகுத்தார். வட்டப்பட்டியோ சுட்டி நிற்கும் இடத்தையே நடுவாகக் கொண்டு விரிவது. ஆதலின் எல்லாச் செயலிகளும் ஒத்த தொலைவில் அமையும். ஒவ்வொன்றும் அகன்ற பரப்பையும் பெறும். 1988-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டுப் பெயர்கள் கொண்ட இருவகைப் பட்டிகளையும் ஒப்பிட்டனர். வட்டப்பட்டியில் ஏறக்குறைய 15 விழுக்காடு காலம் மிச்சமாயிற்று.

இப்பட்டியை அமைப்பது அரிதன்று. ‘காண்டோ’ என்பது விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூவகைக் கணிப்பொறிகளிலும் இயங்கும் கட்டணமற்ற மென்பொருள். அதனை நிறுவியபின், கண்ட்ரோல் விசையையும் இடைவெளி விசையையும் ஒருங்கே அழுத்தினால் பட்டி விரியும். அவ்விசைகள் வேறொரு செயலிக்கு உரியனவாயின் மாற்றிக்கொள்ளலாம். பட்டியைத் திருத்தும் பகுதியில் புதிய உறுப்பைச் சேர்த்து, அதற்குப் பெயரும் குறியும் தந்து, செயலியைத் தொடங்கும் கட்டளையை எழுதுதல் வேண்டும்.

எவற்றைச் சேர்ப்பது, எத்திசையில் வைப்பது என்பனவே ஆழ்ந்து கருதத்தக்கவை. ஒரு வட்டத்தில் எட்டுக்கு மேற்படாமை நன்று. எட்டாயின் ஒவ்வொன்றும் 45 பாகை பெறும், பதினாறாயின் 22½ பாகையே பெறும், கை தடுமாறும். எஞ்சியவற்றை இனம் பிரித்து உட்பட்டிகளில் அடக்கலாம். எழுதுதற்கு உரியன ஒரு திசையிலும், படம் வரைதற்கு உரியன மற்றொரு திசையிலும் நிற்கட்டும். மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கும் கைக்கு எளிய திசைகள். அடிக்கடி வேண்டுவன அங்கே அமைதல் தகும்.

ஒருமுறை வைத்த திசையை மாற்றலாகாது. பழகியபின், கண் பெயரைப் படிக்கு முன்னரே கை திசையை அறிந்துகொள்ளும். புதிய உறுப்பைச் சேர்க்கும்போது ஏனையவை இடம்பெயர்வதுண்டு. அது நேராதவாறு கோணத்தைப் பூட்டிவைக்கும் வசதியும் அம்மென்பொருளில் உண்டு. திசை மாறினால், கை பல நாள் கற்றது ஒரு நொடியில் வீணாகும்; கணக்கு எழுதப் புகுந்தவர் முன் பாட்டு ஒலிக்கும். ஒரே கணிப்பொறியை வீட்டிற் பலர் பயன்படுத்துவராயின், ஒருவர் பிறரைக் கேளாது பட்டியை மாற்றுதல் முறையன்று.

இடமறிந்து வைத்தலும், வைத்த இடத்தைக் காத்தலும் கருவியைக் கையாள்வோர் கடமைகளாம்.