செயற்கைப் பல்லும் அதனைத் தாங்கும் எலும்பும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது முன்னோர் வாக்கு. இன்றோ பல் போன இடத்தில் உலோக வேர் ஒன்றைப் பதித்து, அதன்மேல் புதிய பல்லைப் பொருத்தி, போன சொல்லையும் மீட்டுக்கொள்கிறோம். இம்ப்ளாண்ட் எனப்படும் இச்சிகிச்சையின் அறுவைப் பகுதிக்கு, சிங்கப்பூரில் மெடிசேவ் சேமிப்பிலிருந்து ஒரு வரம்புக்குள் பணம் எடுக்கவும் வழியுண்டு. ஆகவே நம் பெரியவர்கள் பலரும் இதனைச் செய்துகொள்ள முன்வருகின்றனர்.

நெடுங்காலமாகப் பல் மருத்துவத்தில் ஈடுபட்டிருக்கும் என்னிடம் அன்பர்கள் கேட்கும் முதற் கேள்வி, “எந்த நாட்டு ஸ்குரூ நல்லது, டாக்டர்?” என்பதே. அது தேவையான கேள்விதான். ஆயினும் அதனினும் முக்கியமானது, எலும்புக்குள் இருக்கும் வேரும் வெளியே தெரியும் பல்லும் எவ்விடத்தில், எவ்வாறு சேர்கின்றன என்பதாகும். வீட்டுக் குழாய் நடுவில் உடைவது அரிது, கசிவதெல்லாம் மூட்டில்தான். இம்ப்ளாண்ட்டின் கதையும் ஏறக்குறைய அதுவே.

இந்தச் செயற்கைப் பல் ஒரே துண்டு என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது மூன்று உறுப்புகளைக் கொண்டது. தாடை எலும்புக்குள் திருகப்படுவது உலோக வேர். அதன்மேல் அமர்ந்து, ஈறினை ஊடுருவி வாய்க்குள் எட்டிப் பார்ப்பது அபட்மெண்ட் எனும் இணைப்புத் தண்டு. அதன்மேல் பொருத்தப்படுவது பல்லுறை. வேரையும் தண்டையும் சிறு திருகாணி ஒன்று இறுக்கிப் பிடிக்கிறது.

இவற்றுள் உலோக வேரின் வரலாறு சுவையானது. 1952-ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் நகரில் பேர்-இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், எலும்பினுள் இரத்த ஓட்டத்தைக் காண்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965-இல் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் அவர் டைட்டேனிய வேர்களைப் பதித்தார். லார்சன் 2006-இல் மறையும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை பயன்பட்டன. டைட்டேனியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனேயே மிக மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. உடல் அதனை அந்நியமாகக் கருதி விலக்குவதில்லை. எலும்பு நெருங்கி வந்து ஒட்டி வளர்கிறது. 1982-இல் கனடாவின் டொரோண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு உலகெங்கும் உள்ள பல் மருத்துவர்கள் இதனை ஏற்றுக்கொண்டனர்.

எலும்பு ஒட்டிவிட்டது, பின் ஏன் சிக்கல்? இயற்கைப் பல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். இயற்கைப் பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இடையே, கால் மில்லிமீட்டர் அளவேயுள்ள நார்ப்படலம் ஒன்று மெத்தைபோல் இருந்து கடிக்கும் அழுத்தத்தைத் தாங்குகிறது. ஈறுக்கு இரத்தமும் கொண்டுவருகிறது. ஈறின் நார்களும் பல்லின் வேருக்குள் குறுக்காகப் புகுந்து இறுகப் பிடித்திருக்கின்றன. இம்ப்ளாண்ட்டுக்கு அந்த மெத்தையும் இல்லை, அந்தப் பிடிப்பும் இல்லை. ஈறின் நார்கள் இணைப்புத் தண்டைச் சுற்றிச் சட்டைக் கழுத்துப்பட்டி போல் வளைந்து நிற்கின்றனவேயன்றி, அதனுள் புகுவதில்லை. எனவே நுண்கிருமிகள் உட்புகுந்தால் அவை ஆழத்துக்குச் செல்ல அதிகத் தடையில்லை.

இனி அந்த மூட்டுக்கு வருவோம். வேரும் தண்டும் எவ்வளவு நுட்பமாகக் கடைந்தெடுக்கப்பட்டாலும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று இருக்கவே செய்யும். கிருமிகளுக்கு அது வாசல். திருகாணி தளர்ந்தாலோ, ஒவ்வொரு முறை மெல்லும்போதும் தண்டு இலேசாக அசைந்து, உள்ளிருக்கும் அழுக்கு நீரை வெளியே தள்ளுகிறது. அதனருகே இருக்கும் எலும்பு பின்வாங்குகிறது. முதலாண்டில் சுமார் 1.5 மில்லிமீட்டர் வரை எலும்பு இறங்குவதும், அதன்பின் ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்குவதும் இயல்பே என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது.

இந்நிலை மாறியதற்கு ஒரு பற்றாக்குறையே காரணம் என்பதை எண்ணி நான் வியப்பதுண்டு. 1990-களின் தொடக்கத்தில் அகலமான வேர்கள் வந்தன. அவற்றுக்கேற்ற அகலமான தண்டுகள் வரவில்லை. மருத்துவர்கள் வேறு வழியின்றி ஒடுங்கிய தண்டுகளையே அவற்றின்மேல் பொருத்தினர். சில ஆண்டுகள் கழித்து ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால், அங்கெல்லாம் எலும்பு எதிர்பார்த்த அளவு இறங்கியிருக்கவில்லை! மூட்டு எலும்பின் விளிம்பைவிட்டுச் சற்றே உள்நோக்கித் தள்ளி அமைந்ததே காரணம் என்று கருதப்பட்டது. இன்று பல நிறுவனங்கள் திட்டமிட்டே அவ்வாறு வடிவமைக்கின்றன.

தண்டின் மேற்பரப்பும் கவனிக்கத்தக்கது. எலும்புக்குள் இருக்கும் பகுதி சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் எலும்பு நன்கு பற்றும். ஈறின் வழியே வரும் பகுதியோ வழுவழுப்பாக இருக்கவேண்டும். சொரசொரப்பு கூடினால் அழுக்குப்படலம் அதிகம் படியும். டைட்டேனியமா, வெண்ணிறச் சிர்க்கோனியாவா என்று சிலர் கவலைப்படுகின்றனர். மெல்லிய ஈறினூடே சாம்பல் நிறம் தெரியாதிருக்கச் சிர்க்கோனியா உதவும். எலும்பைக் காப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஒரு நிறுவனத்தின் வேர்மேல் வேறு நிறுவனத்தின் மலிவான தண்டைப் பொருத்துவதைத்தான் நான் விரும்புவதில்லை. சேரும் இடத்தில் பொருத்தம் சற்றுக் குறைந்தாலும், மேலே சொன்ன வாசல் அகன்றுவிடும்.

பல்லுறையைத் தண்டின்மேல் சிமெண்ட் கொண்டு ஒட்டுவதும் உண்டு, திருகாணியால் இறுக்குவதும் உண்டு. ஒட்டும்போது பிதுங்கி வழியும் சிமெண்ட் ஈறுக்குள் தங்கிவிட்டால் அதன்மேல் கிருமிகள் குடியேறும். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயுற்ற 42 இம்ப்ளாண்ட்டுகளைச் சோதித்தபோது சுமார் 81 விழுக்காட்டில் மிச்சச் சிமெண்ட் காணப்பட்டது. அதனை நீக்கியபின் அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குணமடைந்தன. சிலவற்றில் பல ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்பட்டிருந்தது. கோணம் இடங்கொடுக்கும் இடங்களில் திருகாணி முறையே மேல் என்பது என் கருத்து. தேவைப்பட்டால் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டலாமே! பல்லுறையின் வடிவத்தையும் சொல்லவேண்டும். அழகுக்காகக் குடம்போல் புடைத்துச் செய்யப்படும் பல்லுறையின் அடியில் பிரஷ் எப்படி நுழையும்?

நோய் இரண்டு கட்டங்களாக வருகிறது. முதலில் ஈறு மட்டும் சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும். இக்கட்டத்தில் முறையாகச் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அடுத்த கட்டத்தில் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானே வளராது. பெரும்பாலும் வலி இராது என்பதே இதில் ஆபத்து. “வலியில்லையே டாக்டர்” என்று இரண்டாம் கட்டத்தில் வந்து அமர்பவர்களையே நான் மிகுதியும் காண்கிறேன். புகைபிடிப்போர், நீரிழிவு கட்டுக்குள் இல்லாதோர், முன்பு ஈறு நோயால் பல்லை இழந்தோர் ஆகியோர் கூடுதல் கவனத்துடன் இருக்கவேண்டும். இம்ப்ளாண்ட்டில் சொத்தை விழாது என்பது உண்மை. அதனால் துலக்கத் தேவையில்லை என்று எவரோ கிளப்பிவிட்ட பேச்சு பொய். பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியுள்ள இடைப்பல் பிரஷ் கொண்டு தண்டைச் சுற்றி நாள்தோறும் துலக்குதல் வேண்டும்.

பல்லுறை ஆடுகிறது என்றால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பல நேரங்களில் ஆடுவது வேரன்று, தளர்ந்த திருகாணியே. சில நிமிடங்களில் இறுக்கிவிடலாம். ஆனால் இங்கே நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. செலவு குறைவென்று ஜொகூரிலோ, ஊருக்குப் போனபோது சென்னையிலோ இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டு வருகின்றனர். அதில் தவறொன்றுமில்லை, அங்கும் திறமைமிக்க மருத்துவர்கள் இருக்கின்றனர். திருகாணியின் தலையமைப்போ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எந்த நிறுவனத்தின் உறுப்பு என்று தெரியாவிட்டால் எந்தத் திருப்புளியை எடுப்பது? பொருந்தாத ஒன்றைக் கொண்டு திருகினால் தலை மழுங்கிவிடும்.

ஆகவே எங்கே செய்துகொண்டாலும் நிறுவனத்தின் பெயர், வேரின் வகை, குறுக்களவு, நீளம், தண்டின் வகை, பல்லுறை ஒட்டப்பட்டதா திருகப்பட்டதா, பொருத்திய தேதி ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல்லுறை மாட்டிய அன்றே எடுத்த ஊடுகதிர்ப் படத்தின் நகல் ஒன்றையும் கேட்டுப் பெறுங்கள். பின்னாளில் எலும்பு இறங்கியுள்ளதா என்று ஒப்பிட அதுவே அளவுகோல். என்னிடம் வரும் அம்மையார் ஒருவர் அந்தச் சீட்டைத் தம் கடப்பிதழ் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார். சென்ற முறை அவருடைய திருகாணி தளர்ந்தபோது சீட்டைப் பார்த்து உரிய திருப்புளியை எடுத்தேன். அவர் வந்து அமர்ந்த கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.