வாடகை வீட்டு வண்ணப்பூச்சுச் செலவு

குடியிருந்தவர் காலி செய்த வீட்டை அடுத்தவருக்கு விடுமுன் வெள்ளையடித்தும் வண்ணம் பூசியும் செப்பனிட்டும் தர ஆகும் செலவு இது. வீட்டை வாங்கி வாடகைக்கு விட நினைப்போர் பலர் தம் கணக்கில் இதைச் சேர்ப்பதில்லை. வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கியதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

உள்சுவரும் மேல்தளமும் சேர்ந்த பூச்சுப் பரப்பு, தரைப்பரப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு முதல் மூன்றரை மடங்கு வரை வரும். 600 சதுர அடி வீடு என்றால் சுமார் 2,000 சதுர அடி. கூலியும் பொருளும் சேர்த்துச் சதுர அடிக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (ஊருக்கும் பூச்சின் தரத்திற்கும் ஏற்ப இது மாறும்). மொத்தம் 30,000 ரூபாய். வாடகை 10,000 என்றால் மூன்று மாத வாடகை சுவருக்கே போய்விடும். குடியிருப்பவர் 11 மாதத்தில் கிளம்பினால் மாதத்திற்கு 2,727 ரூபாய்; நான்கு ஆண்டு இருந்தால் 625 ரூபாய் மட்டுமே. ஐந்நூறு ரூபாய் வாடகை உயர்வுக்காக நல்ல குடித்தனக்காரரை இழப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களின் இழப்பு தனி.

சுண்ணாம்பு மலிவு, ஆனால் கையில் ஒட்டும், நீண்ட நாள் நிற்காது. டிஸ்டெம்பர் நடுத்தரம். எமல்ஷன் விலை கூடினாலும் ஈரத்துணியால் துடைக்கலாம் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. எதைப் பூசினாலும், ஓதம் ஏறிய சுவரில் கசிவை அடைக்காமல் பூசுவது வீண். பெரும்பாலும் மறுபக்கம் குளியலறைக் குழாய் இருக்கும். அதைச் சரிசெய்து சுவர் காய்ந்த பிறகே பட்டி பார்க்க வேண்டும். இல்லையெனில் அடுத்த மழைக்காலத்திலேயே பூச்சு உரியும்.

இச்செலவு யாருடையது? சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கி, காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கென்று பிடித்துக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் (2017) இரண்டாம் அட்டவணை, சுவர்களுக்கு வெள்ளையடிப்பதையும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த சன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. இயல்பான தேய்மானத்திற்கு வாடகைதாரர் பொறுப்பல்லர். நாட்காட்டி மாட்டிய ஆணித் துளையும் வெயிலில் மங்கிய நிறமும் தேய்மானமே என்பது என் கருத்து. சுவரை உடைத்து அலமாரி பொருத்துவது அப்படியல்ல. குடிபுகும் நாளில் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் முன்பணத் தகராறு பெரும்பாலும் எழாது.

வருமான வரியில் பூச்சுச் செலவைத் தனியே கழிக்க வழியில்லை. ஆண்டு வாடகையிலிருந்து, உரிமையாளர் கட்டிய சொத்து வரியைக் கழித்தபின் வரும் தொகையில் 30 விழுக்காடு நிலையாகக் கழிக்கப்படும். சுண்ணாம்பே அடிக்காதவருக்கும் அதே 30 தான். செப்பனிடக் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியைத் தனியே கழித்துக்கொள்ளலாம்; ரசீதையும் கடன் பத்திரத்தையும் பத்திரப்படுத்துக.