இயர்போன் கேபிளை மாற்றினால் பாட்டு மாறுமா? காசு கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேனி மாவட்டம் உத்தமபாளையத்தில் இரவு ஆம்னி பஸ் ஏறினால், சென்னையில் இறங்கும்போது பொழுது விடிந்துவிடும். வார இறுதிக்கு ஊருக்கு வந்து திரும்பும் இளைஞர்களுக்கு அந்த இரவு முழுக்கத் துணை, போனும் இயர்போனும்தான். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இதே உத்தமபாளையம் தாலுகாவில்தான் இருக்கிறது. எனவே, காதில் ஓடுவது யாருடைய பாட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரூ.2,000 பட்ஜெட்டிலேயே கேபிளைக் கழற்றி மாட்டும் வசதியுள்ள இயர்போன்கள் இப்போது கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கிய சில வாரங்களில் ஒரு நண்பர் சொல்வார்: “மச்சான், கூட வந்த கேபிளைத் தூக்கிப் போடு. நல்ல கேபிளா மாத்திப் பாரு, வேற லெவல்ல இருக்கும்!” ஆன்லைனில் தேடினால் வெள்ளி முலாம், ஆக்சிஜன் நீக்கிய காப்பர், 8 இழை, 16 இழை என்று சில நூறு ரூபாயில் தொடங்கும் விலை, லட்சம் வரைக்கும் போகிறது.

இந்தச் செலவு தேவையா? சுருக்கமான பதில்: கேபிள் பழுதாகிவிட்டால் மாற்றலாம், வசதிக்காகவும் மாற்றலாம். பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும் என்ற ஒரே காரணத்துக்காக என்றால், பெரும்பாலானவர்களுக்கு அது வீண் செலவு. ஏன் என்று பார்ப்போம்.

கேபிள் என்னதான் செய்கிறது?

உத்தமபாளையத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்ப்பில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது. வழியில் வாய்க்கால் குறுகலாக இருந்தால், கடைமடைக்கு வரும் தண்ணீர் குறையும். அகலப்படுத்தினால் கொஞ்சம் கூடும். ஆனால், வாய்க்காலை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அணையில் இல்லாத தண்ணீர் வயலுக்கு வராது.

கேபிளும் அப்படித்தான். போனிலிருந்து வரும் மின் சமிக்ஞையை இயர்போனுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. வழியில் கொஞ்சம் மின்தடை இருக்கும். அதை ‘ஓம்’ என்ற அலகில் அளக்கிறார்கள். அந்தத் தடையால் சத்தம் இம்மியளவு குறையும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

1.2 மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரண இயர்போன் கேபிளை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் போகவும் வரவும் சேர்த்து 2.4 மீட்டர் கம்பி. சுமார் 0.32 மி.மீ. தடிமனுள்ள காப்பர் கம்பி என்றால், மொத்தத் தடை ஏறக்குறைய அரை ஓம். இதை விட்டுவிட்டு, 0.5 மி.மீ. தடிமனுள்ள நல்ல கேபிளுக்கு மாறினால், தடை சுமார் 0.2 ஓம் ஆகிவிடும்.

கேட்பதற்குப் பாதிக்கும் மேல் குறைந்ததுபோலத் தெரிகிறது. ஆனால், 16 ஓம் இயர்போனில் இதனால் ஏற்படும் சத்த மாற்றம் சுமார் 0.16 டெசிபல். 32 ஓம் இயர்போனில் 0.1 டெசிபல்கூடக் கிடையாது. அமைதியான அறையில், கவனமாகக் கேட்பவருக்கே அரை டெசிபல் வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம். ஓடும் பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். போனில் வால்யூம் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் வரும் மாற்றம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

சரி, வெள்ளி? மின்சாரத்தைக் கடத்துவதில் காப்பரைவிட வெள்ளி சுமார் 5 முதல் 6 சதவீதம்தான் மேல். அரை ஓம் காப்பர் கம்பிக்குப் பதிலாக அதே தடிமனில் முழு வெள்ளிக் கம்பி போட்டால், 0.47 ஓம் ஆகும். அவ்வளவுதான். வெள்ளி முலாம் பூசிய காப்பர் என்றால் வித்தியாசம் அதைவிடக் குறைவு. ஆக்சிஜன் நீக்கிய காப்பருக்கும் சாதாரண மின்கம்பிக் காப்பருக்கும் கடத்தும் திறனில் உள்ள வேறுபாடு சுமார் 1 சதவீதம்.

“ஹை-ஃப்ரீக்வென்சி சத்தம் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும், அதனால்தான் வெள்ளி முலாம்” என்ற விளம்பரத்தையும் பார்த்திருப்பீர்கள். ‘ஸ்கின் எஃபெக்ட்’ என்பது உண்மையான விஷயம்தான். ஆனால், மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில்கூடக் காப்பருக்குள் மின்சாரம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆழம் வரை பாயும். இயர்போன் கேபிளின் ஒவ்வொரு இழையும் அதைவிட மெல்லியது. அதாவது, இழை முழுவதும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு

ஒரு காதுக்குள்ளேயே பல டிரைவர்களை அடுக்கியிருக்கும் சில விலை உயர்ந்த இயர்போன்கள் உண்டு. அவற்றின் தடை ஒரே சீராக இருக்காது. ஒரு சுருதியில் 30 ஓம் இருப்பது இன்னொரு சுருதியில் 5 ஓம் வரை இறங்கலாம். அப்படிப்பட்டவற்றில் கேபிளின் தடை 0.5-லிருந்து 0.2 ஓம் ஆனால், ஒலியின் சமநிலை சுமார் 0.4 டெசிபல் நகரும். கருவியில் அளக்க முடியும். பழகிய காது பிடித்தாலும் பிடிக்கலாம்.

இங்கேயும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இது மாற்றம்தான். முன்னேற்றம் என்று சொல்லிவிட முடியாது. தயாரித்தவர்கள் கூடவே கொடுத்த கேபிளை வைத்துத்தான் ஒலியைச் சரிசெய்திருப்பார்கள். இரண்டு, இந்த மாற்றத்துக்குக் காரணம் ஓம் கணக்கு மட்டுமே. அதே தடையுள்ள 700 ரூபாய் கேபிளும் 7,000 ரூபாய் கேபிளும் இதில் ஒரே வேலையைத்தான் செய்யும்.

“எனக்கு நிஜமாவே கேட்டுச்சே!”

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்குக் கேட்ட வித்தியாசத்துக்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

முதல் காரணம், சத்தம். 4.4 மி.மீ. ‘பேலன்ஸ்டு’ ஜாக் உள்ள கேபிளை அதற்குரிய கருவியில் சொருகினால், பல கருவிகளில் சத்தம் 6 டெசிபல் வரை கூடிவிடும். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் கேட்கும் பாட்டு நமக்கு இன்னும் தெளிவாக, இன்னும் நிறைவாக இருப்பதுபோலத் தோன்றும். அந்தப் பெருமை கேபிளுக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது, பொருத்தம். கேபிளை மாற்றும்போது இயர்போனைக் கழற்றி மறுபடி காதில் வைக்கிறோம். அது ஒரு நூல் ஆழமாக உட்கார்ந்தாலே பேஸ் கூடிவிடும்.

மூன்றாவது, பழைய கேபிளின் பழுது. ஜாக்கில் அழுக்கு, லூஸ் கனெக்‌ஷன், பின்னில் களிம்பு என்று இருந்திருந்தால், புதிய கேபிள் நிஜமாகவே நன்றாகக் கேட்கும். அங்கே 300 ரூபாய் கேபிள் போட்டிருந்தாலும் அதே பலன்தான்.

நான்காவது, எதிர்பார்ப்பு. காசு கொடுத்து வாங்கிய பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது. போதாததற்கு, ஒலியின் நுணுக்கமான நினைவு சில நொடிகளுக்கு மேல் நிற்பதில்லை. நேற்றுக் கேட்டதை இன்று கேட்பதோடு ஒப்பிடுவது நம்பகமான சோதனை ஆகாது.

இந்தச் சர்ச்சை உலக அளவில் பழையது. 2007-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள பியர் நிறுவனத்தின் ஸ்பீக்கர் கேபிளை, அதைவிட மலிவான கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தார். ஏற்கிறேன் என்று ஓர் ஆடியோ விமர்சகர் முன்வந்தார். பேச்சு நீண்டது, கேபிள் நிறுவனம் விலகிக்கொண்டது, சோதனை கடைசி வரை நடக்கவில்லை. நடக்காத சோதனை எந்தப் பக்கத்தையும் நிரூபிக்காது. ஆனால், கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற அந்த யோசனையை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம்.

எப்படி? நண்பரிடம் கேபிளை மாற்றித் தரச் சொல்லுங்கள். எது என்று அவர் சொல்லக் கூடாது. நீங்கள் பார்க்கவும் கூடாது. ஒரே பாட்டு, ஒரே வால்யூம். 10 முறை செய்து, எது எந்தக் கேபிள் என்று சொல்லுங்கள். 9 முறையாவது சரியாகச் சொன்னால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 1 சதவீதம்தான். 5, 6 என்று வந்தால், நாணயத்தைச் சுண்டியும் அதே முடிவைப் பெற்றிருக்கலாம்.

அப்படியானால் எப்போது மாற்றலாம்?

கேபிள் மாற்ற நியாயமான காரணங்கள் நிறைய உண்டு:

* ஜாக் அருகிலோ, இரண்டாகப் பிரியும் இடத்திலோ ஒயர் அறுந்து ஒரு பக்கம் கேட்காமல் போனால்.
* மீட்டிங்கில் பேச மைக் தேவைப்பட்டால்.
* நடக்கும்போது ஒயர் சட்டையில் உரசும் ‘கரகர’ சத்தம் காதுக்குள் கேட்டால். மென்மையான உறையுள்ள கேபிள் இதை வெகுவாகக் குறைக்கும்.
* கேபிள் விறைப்பாக, அடிக்கடி சிக்கு விழுவதாக இருந்தால்.
* போனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லாவிட்டால். இதற்கு ‘டாக்’ சிப் உள்ள டைப்-சி கேபிள் வாங்கலாம். இதில் ஒலி மாறினால், அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சிப், கம்பி கிடையாது.

வியர்வை பட்டுக் கேபிள் பச்சையாக மாறுவது, செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவது போன்றதுதான். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, கம்பியின் நடுவில் அது இருப்பதால் பாட்டு கெடாது. பின்னில் ஏறினால் மட்டும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

கழற்ற முடியாத கேபிள் என்றால், செல்போன் சர்வீஸ் கடையில் புது ஜாக் வைத்து சால்டரிங் செய்து தரச் சொல்லலாம். உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளின் மேல் வண்ண எனாமல் பூச்சு இருக்கும். அதை நீக்கிய பிறகே ஈயம் பிடிக்கும் என்பதால், கை பழகியவரிடம் கொடுப்பது நல்லது.

வாங்கும்போது கவனிக்க...

இயர்போன் பக்கம் இருப்பது எம்எம்சிஎக்ஸ் வகையா, 2-பின் வகையா என்று முதலில் பாருங்கள். 2-பின்னிலேயே 0.75 மி.மீ., 0.78 மி.மீ. என்று இரண்டு அளவுகள் உண்டு. சிறிய துளையில் பெரிய பின்னை அழுத்திச் சொருகினால் சாக்கெட் தளர்ந்துவிடும். ஒரு பக்கப் பின்னை மட்டும் தலைகீழாக மாட்டிவிட்டால், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறியதுபோலக் கேட்கும், பேஸ் மெலியும். “கேபிள் சரியில்ல” என்று திருப்பி அனுப்பும் முன், பின்னைத் திருப்பி மாட்டிப் பாருங்கள்.

விலைக்கு ஒரு எளிய அளவுகோல்: இயர்போன் விலையில் கால் பங்குக்கு மேல் கேபிளுக்குப் போக வேண்டியதில்லை.

பாட்டு நன்றாகக் கேட்க, காசு எங்கே போக வேண்டும்?

முதலிடம் இயர் டிப்ஸுக்கு. காதை அது சரியாக அடைக்காவிட்டால் பேஸ் 10 டெசிபலுக்கு மேல்கூடக் குறையலாம். கேபிளில் நாம் பார்த்தது 0.16 டெசிபல். பெட்டியோடு வந்த மூன்று அளவுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கக் காசே வேண்டாம். ஃபோம் டிப்ஸ் வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான்.

இரண்டாவது, ஆப் செட்டிங். ஸ்பாட்டிஃபையில் ‘லோ’ தரம் சுமார் 24 கேபிபிஎஸ். ‘வெரி ஹை’ 320 கேபிபிஎஸ். டேட்டா மிச்சம் பிடிக்க எப்போதோ குறைத்து வைத்தது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஈக்வலைசர். பேஸ் வேண்டுமா, குரல் முன்னால் வர வேண்டுமா? போனிலேயே இரண்டு, மூன்று டெசிபல் நகர்த்திக்கொள்ளலாம்.

நான்காவது, ஒலிப்பதிவு. 1976-ல் வெளியான ‘அன்னக்கிளி’ பாடல்களில் அந்தக் காலத் தொழில்நுட்பத்தின் எல்லையும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. தமிழின் முதல் ஸ்டீரியோ பாடல்கள் என்று குறிப்பிடப்படுபவை 1978-ல் வந்த ‘ப்ரியா’ பாடல்கள். பழைய பாட்டு ஒன்றுக்கே ஆன்லைனில் பல பதிவுகள் கிடைக்கும்; தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்ததும் இருக்கும், சுத்தம் செய்ததும் இருக்கும். நல்ல பதிவைத் தேடி எடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இயர் டிப்ஸ் சரியாகப் பொருந்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. பஸ் இரைச்சல் உள்ளே வராததால், வால்யூமை ஏற்ற வேண்டியிருக்காது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறைந்துவிடும். கேபிள் அறுந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அதிகச் சத்தத்தால் போன செவித்திறனைத் திரும்பப் பெற முடியாது.