தீனிப்பை வீங்கினால் கோழியைத் தலைகீழாகப் பிடிக்கலாமா?

கோழியின் கழுத்தடியில், சற்றே வலப்பக்கமாக இருக்கும் தீனிப்பை பெரும்பாலும் தின்றதை ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பும் பைதான். அதனால் மாலையில் அது புடைத்திருப்பது நோயல்ல. விடிந்ததும், தீனி வைக்கும் முன் தடவிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நலமான கோழிக்கு அப்போது பை காலியாக இருக்கும். பிசைந்த மாவு போலக் கெட்டியாக இருந்தால் நீளப் புல்லோ சாக்கு நூலோ சுருண்டு அடைத்திருக்கலாம். தளதளவென்று நீர் கோத்து, வாயில் புளித்த வாடை அடித்தால், தேங்கிய தீனியில் ஈஸ்ட் பூஞ்சை பெருகியிருக்கக்கூடும். இதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது வீண். அது பூஞ்சையை அடக்கிவைக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

கெட்டியான அடைப்புக்குத் தீனியை ஒரு நாள் நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, பையை மெல்லப் பிசைந்துவிடலாம். தலைகீழாகப் பிடித்துக் கக்கவைத்தால் உடனே சரியாகிவிடுகிறதே என்பார்கள். சில கோழிகள் பிழைப்பது மெய்தான். ஆனால் மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. கக்கும் நீர் அதற்குள் இறங்கினால் கோழி அங்கேயே திணறிச் சாகும். தப்பினாலும் பை ஏன் நின்றுபோனது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. குடற்புழுவோ வெள்ளைக்கழிச்சலோ காரணமாக இருக்கலாம். இரண்டாம் நாள் காலையிலும் பை காலியாகவில்லை என்றால், கோழியைத் தனியே அடைத்துவைத்து, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.